திருப்பயணத் தடங்கள் – 8: ஒற்றைச் செருப்பு யாத்திரிகர்

(முன்கதை: 1521 மே 20. பம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது பாய்ந்து வந்த பீரங்கிக் குண்டு, பாஸ்க் நாட்டுப் பிரபுக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையான இனிகோவின் வலது காலை முறித்து, இடது காலையும் கிழித்தது. லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுக்கையாகக் கிடந்தவர், படிக்க வீரக்கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். அவற்றைப் படித்து முடித்தபோது, வெறுங்காலோடு எருசலேமுக்குப் போவதென்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தார்.)

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இனிகோ பயணத்துக்குத் தயாரானார். அண்ணன் மார்ட்டினுக்கு விஷயம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. தம்பியை அறை அறையாக அழைத்துக்கொண்டு போய், குடும்பத்தின் பெயரை எண்ணிப் பார்க்கும்படியும், கையிலிருக்கும் எதிர்காலத்தை வீணாக்க வேண்டாம் என்றும் கெஞ்சினார். இனிகோ பிடிகொடுக்கவில்லை. நவரேத்தேயில் இருக்கும் நாகெரா பிரபுவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பிரபுவிடமிருந்து தனக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியை வாங்கி, கடன்பட்டதாகத் தான் கருதியவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். பழுதடைந்திருந்த மாதா உருவம் ஒன்றைச் சீர்ப்படுத்தவும் அதில் ஒரு பங்கை ஒதுக்கினார். கூட வந்த வேலையாட்களை அனுப்பிவிட்டு, கோவேறு கழுதை மேல் தனியாக மொன்செராத் மலையை நோக்கிக் கிளம்பினார்.

மனம் மாறிவிட்டதே தவிர, சுபாவம் இன்னும் மாறவில்லை. வழியில் மூர் இனத்தவர் ஒருவர் சேர்ந்துகொண்டார். பேச்சு மரியன்னையைப் பற்றித் திரும்பியது. கன்னியாகவே கருவுற்றாள் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். பிள்ளை பெற்ற பின்னும் கன்னியாகவே இருந்தாள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை என்றார். வாதம் முற்றியது. அவர் விடைபெற்று வேகமாக முன்னே போய்விட்டார். இனிகோவுக்கு நெஞ்சு கொதித்தது. மாதாவின் மானத்தைக் காக்காமல் விட்டுவிட்டோமே, துரத்திப் போய்க் கத்தியால் குத்தலாமா என்று யோசித்தார். முடிவு எடுக்க முடியாமல், பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை அந்த மனிதர் போன ஊர்ப் பக்கம் திரும்பினால் கத்திக்குத்து, நெடுஞ்சாலையில் போனால் சும்மா விட்டுவிடுவது என்று கணக்கு. ஊர் முப்பது நாற்பது தப்படி தூரத்தில்தான் இருந்தது; அதற்குப் போகும் பாதையும் அகலமானது. கழுதை நெடுஞ்சாலையைப் பிடித்தது.

இந்தச் சம்பவத்தை, பின்னாளில் இஞ்ஞாசியார் என்று பெயர்பெற்ற இனிகோவே முதுமையில் தம் வாயால் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. ஏனென்றால் அவர் பிற்காலத்தில் கற்றுக்கொடுத்த முழுக் கலையும் இங்கே இல்லாத ஒன்றைப் பற்றியதுதான்: உள்ளே எழும் உந்துதல்களில் எது கடவுளிடமிருந்து வருகிறது, எது வேறிடத்திலிருந்து வருகிறது என்று பகுத்தறிவது. அன்று அது தெரியாமல் கழுதையிடம் விட்ட மனிதர், பின்னால் ஆயிரக்கணக்கானோர் அதைக் கற்க ஒரு வழியை உண்டாக்கினார்.

மொன்செராத்தில் ஓர் இரவு

மலைக்குப் போகும் வழியில் ஓர் ஊரில் சாக்குத் துணி வாங்கினார். நெருக்கமில்லாமல் நெய்த, உடம்பில் குத்தும் முரட்டுத் துணி. அதைப் பாதம் வரை நீண்ட அங்கியாகத் தைக்கச் சொன்னார். ஒரு கைத்தடி, ஒரு சுரைக்குடுக்கை, புல்லில் பின்னிய ஒரு ஜோடி செருப்பு. ஜோடியில் ஒன்றைத்தான் போட்டுக்கொண்டார். குண்டு பட்ட கால் இன்னும் கட்டுப் போட்ட நிலையில் இருந்தது. கழுதை மேல் வந்தாலும் ஒவ்வொரு இரவும் அது வீங்கியது. அந்தக் காலுக்கு மட்டும் செருப்பு, மற்றது வெறுங்கால். உடம்பை வதைத்தாக வேண்டும் என்ற வெறியும், இந்தக் கால் தாங்காது என்ற அறிவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன என்பதற்கு அந்தச் செருப்பே சாட்சி.

மொன்செராத் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் மடம். கருநிற மாதாவின் திருவுருவத்தைத் தரிசிக்க அன்றும் இன்றும் மக்கள் மலையேறி வருகிறார்கள். அந்த மடத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மடாதிபதியாக இருந்த கார்சியா தெ சிஸ்னேரோஸ், தியானத்தை நாள் வாரியாக, படி வாரியாகப் பயிலும் கையேடு ஒன்றை எழுதி, 1500ஆம் ஆண்டில் மடத்திலேயே அச்சிட்டிருந்தார். இனிகோ அந்த முறையை இங்கேதான் முதலில் அறிந்திருப்பார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஜான் ஷானோன் என்ற துறவியிடம் தம் வாழ்நாள் பாவங்களை எல்லாம் எழுதி வைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அது மூன்று நாள் நடந்தது.

1522 மார்ச் 24ஆம் தேதி இரவு. மறுநாள் மங்கள வார்த்தைத் திருநாள். யார் கண்ணிலும் படாமல் ஓர் ஏழையைத் தேடிப்போய், தம் பட்டாடைகளை முழுக்கக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாக்கு அங்கியை உடுத்திக்கொண்டார். மாதா பீடத்தின் முன் முழந்தாளிலும் நின்றபடியுமாக விடிய விடிய விழித்திருந்தார். வாளையும் கத்தியையும் கோயிலில் மாட்டிவைக்கப் பாவசங்கீர்த்தனக் குருவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கழுதை மடத்துக்குக் காணிக்கை. புதிதாகப் பட்டம் பெறும் வீரன் ஆயுதங்களோடு ஓர் இரவு விழித்திருப்பது அக்காலத்து வீரர் மரபு. இனிகோ அதே சடங்கைச் செய்து ஆயுதத்தைத் துறந்தார்.

விடியற்காலையில் பார்சலோனா சாலையை விட்டு விலகி மன்ரேசா பக்கம் இறங்கினார். கொஞ்ச தூரம் போனதும் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, ஓர் ஏழைக்கு உடைகளைக் கொடுத்தீர்களா என்று விசாரித்தார். அந்த ஏழையைத் திருடன் என்று பிடித்துவிட்டார்களாம். இனிகோவுக்குக் கண்ணீர் பெருகியது. தாம் துறவு பூண்ட முதல் நாளிலேயே, தம் தானம் ஓர் எளியவனுக்குத் தண்டனையாகிவிட்டது.

மன்ரேசாவின் பத்து மாதங்கள்

சில நாட்கள் தங்கி, மனத்தில் பட்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவதாகத்தான் திட்டம். பத்து மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டது. பார்சலோனாவில் பரவியிருந்த கொள்ளைநோயையும் காரணமாகச் சொல்வார்கள். அனாதைகளும் நோயாளிகளும் தங்கும் சத்திரத்தில் சில காலம், டொமினிக்கன் மடத்தில் சில காலம், இரக்கமுள்ளவர்களின் வீடுகளில் சில காலம் என்று கழிந்தது. தினமும் பிச்சை எடுத்துச் சாப்பிட்டார். இறைச்சி கிடையாது. நாளுக்கு 7 மணி நேரம் முழந்தாளில் ஜெபம். அலங்காரத்தில் ஆசை வைத்திருந்தவர் இப்போது முடியை வாரவில்லை, நகத்தை வெட்டவில்லை. ஊர்ச் சிறுவர்கள் சாக்குக்காரர் என்று கூப்பிட்டார்கள்.

முதல் சில மாதங்கள் அமைதியாகப் போயின. பிறகு வந்தது புயல். மொன்செராத்தில் எல்லாப் பாவங்களையும் சொன்னோமா, எதையாவது விட்டுவிட்டோமா என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. மறுபடி சொன்னார், மறுபடியும் சந்தேகம். அவரது மடத்து அறையில் ஒரு பெரிய துளை இருந்தது. அதில் குதித்துச் செத்துவிடலாம் என்று மனம் திரும்பத் திரும்ப இழுத்தது. கடவுள் விடுதலை தரும்வரை உண்ணமாட்டேன் என்று ஒரு ஞாயிறு தொடங்கி மறு ஞாயிறுவரை பட்டினி கிடந்தார். பாவசங்கீர்த்தனக் குரு கண்டித்துச் சாப்பிட வைத்தார். சில நாளில் திடீரென்று ஒரு தெளிவு பிறந்தது: இந்த வேதனை என்னை எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்தால், இது கடவுளிடமிருந்து வந்ததாக இருக்க முடியாது. பழைய பாவங்களை இனி ஒருபோதும் கிளறுவதில்லை என்று முடிவு செய்தார். சந்தேகம் விலகியது.

அதன்பின் ஒருநாள் ஊருக்கு வெளியே புனித பவுல் கோயிலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். கார்தனேர் ஆற்றை ஒட்டிய பாதை. ஆறு ஆழத்தில் ஓடியது. அதைப் பார்த்தபடி சற்று உட்கார்ந்தார். காட்சி எதுவும் தெரியவில்லை. ஆனால் விசுவாசத்தைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எத்தனையோ விஷயங்கள் ஒரே நேரத்தில் விளங்கின. எல்லாமே புதிதாகத் தோன்றின. வாழ்நாள் முழுதும் தாம் கற்றதும் கடவுள் தமக்குத் தந்ததும் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு பொழுதுக்கு ஈடாகாது என்று முதுமையில் சொன்னார்.

மன்ரேசா என்றால் குகையைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அவர் ஜெபித்த குகை உண்டு; இன்று அதன் மேல் கோயிலும் தியான இல்லமும் நிற்கின்றன. ஆனால் அவருக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்த இடம் திறந்த வெளி, ஒரு நடைப் பயணத்தின் நடுவழி. மன்ரேசாவிலேயே அவர் முடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டார் என்பதும் கவனிக்க வேண்டியது. தன்னை வதைப்பது முடிந்து, பிறருக்கு உதவுவது தொடங்கியது.

எருசலேமில் கிடைத்த மறுப்பு

1523இல் பார்சலோனா, ரோம், வெனிஸ் வழியாக அவர் எருசலேம் சேர்ந்தார். ரோட்ஸ் தீவு முந்தைய ஆண்டுதான் துருக்கியர் கைக்குப் போயிருந்தது. அதனால் யாத்திரிகர் கூட்டம் குறைவு. திருத்தலங்களைக் கண்டார். ஆயுள் முழுக்க இங்கேயே தங்கி, மக்களுக்கு உதவுவது என்பது அவர் ஆசை. அத்தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் துறவிகள் மறுத்துவிட்டார்கள். இப்படித் தங்கியவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் சிறைபிடிக்கப்பட்டார்கள். மீட்க மடம்தான் பணம் கட்ட வேண்டியிருந்தது. இனிகோ பிடிவாதம் பிடிக்கவே, மீறினால் சபைவிலக்கம் செய்யும் அதிகாரம் தமக்கு உண்டு என்றார் தலைவர். அதற்கான பத்திரத்தைக் காட்டவும் முன்வந்தார். பார்க்கத் தேவையில்லை, கீழ்ப்படிகிறேன் என்றார் இனிகோ.

புறப்படும் முன் ஒரு காரியம் செய்தார். ஒலிவ மலையில் ஒரு பாறை. இயேசு விண்ணகம் ஏறியபோது பதிந்ததாக நம்பப்படும் கால் தடங்கள் அதில் உண்டு. துணைக்குத் துருக்கியர் இல்லாமல் அங்கே போவது ஆபத்து. யாரிடமும் சொல்லாமல் தனியே நழுவிப் போனார். காவலர்கள் தடுத்தார்கள், எழுதுகோல் சீவும் பேனாக்கத்தியைக் கொடுத்து உள்ளே போனார். வணங்கிவிட்டுப் பெத்பகு வரை போன பிறகு, வலது பாதம் எந்தத் திசையில், இடது பாதம் எந்தத் திசையில் என்று சரியாகப் பார்க்கவில்லையே என்று உறைத்தது. திரும்பி ஓடினார். இந்த முறை கத்தரிக்கோலைக் கொடுத்தார். இதற்குள் மடத்தில் அவரைக் காணாமல் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மடத்து வேலைக்காரர் ஒருவர் பெரிய தடியோடு வந்து, அடிக்கப் போவதுபோல் மிரட்டி, கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

அந்தப் பாதங்கள் எந்தப் பக்கம் பார்த்திருந்தன என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற அந்தத் தவிப்பில்தான் அடுத்த 500 ஆண்டுகளின் தியான மரபு அடங்கியிருக்கிறது என்பேன்.

கால் நடந்ததை மனம் நடக்க

ஊர் திரும்பியவர் முப்பது வயதைத் தாண்டிய நிலையில் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார். பிறகு அல்காலா, சாலமான்கா. போகுமிடமெல்லாம் தம் குறிப்பேட்டை வைத்து மக்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார். கேட்டவர்களில் பெண்களும் எளியவர்களும் பலர். படிக்காத ஒருவருக்கு இது எப்படி வரும் என்று திருச்சபை அதிகாரிகளுக்குச் சந்தேகம். அல்காலாவில் அவரை 42 நாள் சிறையில் வைத்தார்கள். அவரிடம் பயின்ற ஒரு தாயும் மகளும் ஹாயென் நகரிலுள்ள வெரோனிக்கா துகிலைத் தரிசிக்கக் கால்நடையாகக் கிளம்பிப் போய்விட்டதுதான் காரணம். தூண்டியது நீரா என்று கேட்டார்கள். இல்லை, ஏழைகளுக்கு உதவ விரும்பினால் இந்த ஊரிலேயே செய்யலாம் என்றுதான் சொன்னேன் என்றார் இனிகோ. பெண்கள் திரும்பி வந்து அதையே சொன்ன பிறகுதான் விடுதலை. மேலும் 4 ஆண்டு படிக்காமல் விசுவாசக் காரியங்களைப் பேசக்கூடாது என்று தடையும் விதித்தார்கள்.

யாத்திரை போகவே ஆசைப்பட்ட மனிதர், இங்கேயே செய்யலாம் என்று பிறருக்குச் சொல்லும் நிலைக்கு வந்திருந்ததைப் பாருங்கள். பாதை அவருக்குள் இறங்கிவிட்டது.

1528 பிப்ரவரியில் அவர் தனியாக நடந்தே பாரிஸ் சேர்ந்தார். இஞ்ஞாசியார் என்ற பெயர் நிலைத்தது அங்கேதான். 1534 ஜனவரியில் அறைத்தோழர் பீட்டர் ஃபேபருக்குத் தம் குறிப்பேட்டின்படி 30 நாள் ஒடுக்கம், அதாவது தனித்திருந்து செய்யும் தியானம், கொடுத்தார். அந்தக் குளிரில் செய்ன் ஆறு உறைந்து, அதன் மேல் வண்டிகள் போயின. ஃபேபர் கணப்பு மூட்டாமல், பனியில் நின்று ஜெபித்து, 6 நாள் பட்டினியும் கிடந்தார். மன்ரேசாவில் அதைவிடக் கடுமையாக இருந்த இஞ்ஞாசியார் என்ன சொன்னார் தெரியுமா? அவ்வளவு போதும், நெருப்பு மூட்டு, சாப்பிடு என்றார். தாம் விழுந்த குழியில் அடுத்தவர் விழாமல் பார்த்துக்கொள்பவரே நல்ல வழிகாட்டி. அதே ஆண்டு இறுதிக்குள் இன்னோர் அறைத்தோழரும் அந்த ஒடுக்கத்தைச் செய்து முடித்தார். அவர் பெயர் பிரான்சிஸ் சவேரியார்.

பல ஆண்டுகள் செதுக்கப்பட்ட அந்தக் குறிப்புகள் 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுலின் ஒப்புதலோடு 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற சிறு நூலாக ரோமில் அச்சாயின, 500 பிரதிகள். படித்துச் சுவைக்கும் நூல் அல்ல அது. ஒடுக்கம் கொடுப்பவருக்கான கையேடு. நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சி ஆவதுபோல, ஜெபமும் ஆராய்வும் ஆன்மாவுக்குப் பயிற்சி என்றுதான் தொடங்குகிறது. நடந்த கால்கள் எழுதிய நூல் வேறெப்படித் தொடங்கும்?

முழு ஒடுக்கம் ஏறக்குறைய 30 நாள், நான்கு வாரங்களாக வகுக்கப்பட்டது. முதல் வாரம் பாவமும் இரக்கமும், இரண்டாவது இயேசுவின் வாழ்வு, மூன்றாவது பாடுகள், நான்காவது உயிர்ப்பு. வீட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்க வேண்டும். நாளில் ஐந்து முறை, அதில் ஒன்று நள்ளிரவில், ஒவ்வொரு மணி நேரம் தியானம். ஜெபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நின்று, கடவுள் தன்னைப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டும். முழந்தாளில் தேடியது கிடைத்துவிட்டால் நிலையை மாற்றத் தேவையில்லை. முதல் வாரத்தில் கதவையும் சன்னலையும் சாத்திக்கொள்ளலாம். நான்காம் வாரத்தில் திறந்து வெளிச்சத்தையும், கோடையானால் குளிர்ச்சியையும் குளிர்காலமானால் இளவெயிலையும் அனுபவிக்க வேண்டும். முடித்தபின் உட்கார்ந்தோ நடந்துகொண்டோ கால் மணி நேரம் அதை அசைபோட வேண்டும்.

கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும் இடத்துக்கு வாருங்கள். நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதையை முதலில் மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். அதன் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, சமதரையா, மேடு பள்ளமா? குகை பெரியதா சிறியதா, உயரமா தாழ்வா? பிறகு ஓர் எளிய பணியாளாகத் தன்னை அங்கே நிறுத்தி, அவர்களுக்கு வேண்டியதைச் செய்யச் சொல்கிறார். பாடுகளின் வாரத்திலும் அப்படியே: பெத்தானியாவிலிருந்து எருசலேமுக்கு ஒரு பாதை, இராப்போசன அறையிலிருந்து தோட்டத்துக்கு ஒரு பாதை. ஒலிவ மலையில் கத்தரிக்கோலைக் கொடுத்து வாங்கிய அதே பார்வை. எருசலேமில் தமக்குக் கிடைக்காத இடத்தை, கப்பலேற வழியில்லாத ஒவ்வொருவருக்கும் அவர் திறந்துவிட்டார். வேலையை விட முடியாதவர்கள் தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி அன்றாட வாழ்வோடே செய்யலாம் என்ற ஏற்பாடும் நூலில் உண்டு.

இதற்கெல்லாம் மேலாக நான் மதிப்பது ஒன்று. ஒடுக்கம் கொடுப்பவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்கிறார் இஞ்ஞாசியார். தராசு முள்போல எந்தப் பக்கமும் சாயாமல் நின்று, படைத்தவரும் படைக்கப்பட்டவரும் நேருக்கு நேர் பேச விட வேண்டும். இன்று நம் பங்குகளில் தியானம் என்றால் மூன்று நாள் பிரசங்கம், ஒலிபெருக்கி, பாட்டு என்று ஆகிவிட்டது. அதிலும் ஆறுதல் அடைகிறவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சு நின்று, ஒருவர் தனியாகக் கடவுள்முன் உட்காரும் நேரத்தை நாம் இழந்துவிடக் கூடாது. பாதையில் தனியே நடக்கும் யாத்திரிகருக்குத் தானாகக் கிடைப்பதும், மௌன ஒடுக்கத்தில் இருப்பவர் முயன்று பெறுவதும் அந்தத் தனிமையைத்தான்.

இஞ்ஞாசியார் உள்வழியைக் கண்டார் என்பதற்காக வெளிவழியைக் கைவிடவில்லை. பின்னர் தாம் தோற்றுவித்த இயேசு சபையில் சேரும் நவசந்நியாசிகளுக்கு அவர் வகுத்த சோதனைகளில் முதலாவது ஒரு மாத ஒடுக்கம். இன்னொன்று, கையில் காசில்லாமல் வீடு வீடாகப் பிச்சை எடுத்தபடி ஒரு மாத யாத்திரை. நாளைய உணவுக்கு உறுதி இல்லாதபோது, அறைக்குள் கற்ற நம்பிக்கை நிஜமா என்று தெரிந்துவிடும். 1553 முதல் தம் கதையைச் சபைத் தோழர் கொன்சால்வஸ் தா காமராவிடம் சொன்னபோது, தம்மைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'யாத்திரிகர்' என்றே சொன்னார். பல ஆண்டுகள் ரோமில் சில அறைகளுக்குள் இருந்து உலகெங்கும் பரவிய சபையை நடத்திய மனிதர் அவர்.

இன்று லொயோலாவிலிருந்து மன்ரேசா வரை அவர் போன வழி, 650 கி.மீ.க்கும் நீளமான நடைபாதையாக, 27 கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. நடப்பவர்களிடம் அந்த நூலின் வரிசையில் தினம் ஒரு தியானமும் கொடுத்தனுப்புகிறார்கள். அவர் பிரித்துக் கற்ற வெளிவழி, உள்வழி இரண்டையும் இன்றைய யாத்திரிகர்கள் ஒன்றாகக் கற்கிறார்கள்.

பாரிஸில் அந்த 30 நாட்களைக் கடந்த சவேரியார், 1542 மே மாதம் கோவாவில் கரையிறங்கினார். அதே ஆண்டு அவரது கால்கள் நம் முத்துக்குளித்துறையின் மணலை மிதித்தன. தமிழ் தெரியாத அந்த மனிதர் ஊர் ஊராக எப்படி நடந்தார், மணப்பாட்டுக் குகைக்கும் மன்ரேசாவுக்கும் என்ன உறவு என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)